முக்கொம்பு மேஜை

ஸ்ரீரங்கம் மறுபடியும் மூழ்கியது. மேஜையின் மேல்தான்.

துவாக்குடியில் ஒரு பொறியியல் கல்லூரி ஆய்வுக்கூடம். மேஜைமேல், முக்கொம்பில் பிரியும் காவிரியும் கொள்ளிடமும் நீல ஒளியாக ஓடும். மரக்கட்டைகள்தான் மதகுகள். கட்டையை நகர்த்தினால், மேலிருக்கும் கேமரா அதைப் பார்த்துத் தண்ணீரைத் திருப்பும். ஊர் மூழ்காமல் இரண்டு ஆற்றிலும் தண்ணீர் விட வேண்டும். அப்போது மாணவர்களின் கைகள் என்ன பேசுகின்றன என்பதுதான் ஆராய்ச்சி.

ரஞ்சித் அந்தக் குழுவில் அன்றுதான் சேர்ந்திருந்தான். வந்ததிலிருந்து வயிறு எரிந்துகொண்டிருந்தது.

வேறு துறை மாணவன் பீமராவ் ஒரு விரலைத் தூக்கினால், ஷஹனாஸ் கட்டையை நகர்த்துகிறாள். அவள் உள்ளங்கையைக் காட்டினால் அவன் நிறுத்துகிறான். ஒரு வார்த்தை கிடையாது. ரஞ்சித்தோ முதலாமாண்டிலிருந்து அவளுடைய வகுப்பு. "காபி வேணுமா?" என்று வாய் திறந்து கேட்டால்கூட, "எந்த ரெக்கார்டோட காப்பி?" என்பாள்.

இருவருக்கும் நடுவில் போய் நின்றான்.

"ரஞ்சித், கொஞ்சம் குனியேன்" என்றாள் ஷஹனாஸ். அவன் தலைக்கு மேல் சைகை தொடர்ந்தது.

தானும் சைகை செய்துபார்த்தான். விரலை லேசாகச் சுழற்றினான். அவள் எல்லா மதகுகளையும் திறந்துவிட்டாள். அதில்தான் ஸ்ரீரங்கம் போனது.

"கொஞ்சமாத் திறன்னு சொன்னேன்."

"கையச் சுத்தினா எல்லாத்தையும்னு நினைச்சேன்."

பீமராவ் ஒரு கட்டையைத் தொட்டுக் காட்டினான். அவள் தலையாட்டினாள். வெள்ளம் வடிந்தது.

ரஞ்சித்தால் தாங்க முடியவில்லை. யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, பெரிய மதகை எடுத்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான். தேடும்போதாவது தன்னிடம் பேசுவாள் அல்லவா. மதகில்லாத ஆறு திருச்சி முழுக்கப் பாய்ந்தது. பீமராவ் மௌனமாக ரஞ்சித்தின் பாக்கெட்டைக் காட்டினான். ஷஹனாஸ் மௌனமாகக் கையை நீட்டினாள்.

கட்டையைக் கொடுத்துவிட்டு, நேரே பேராசிரியை விஜயராணியிடம் போனான்.

"மேடம், என்னை வேற குழுவுல போட்டுருங்க. அவங்க ரெண்டு பேரே போதும்."

"நல்லா யோசிச்சுட்டியா?"

"யோசிச்சுட்டேன் மேடம்."

"சரி, உன் இஷ்டம்."

வெளியே வந்தவனை ஆய்வக உதவியாளர் ஷெர்லின் நிறுத்தினாள்.

"ஏன் ரஞ்சித் இப்படிப் பண்ணிட்டீங்க? போன தடவை இதே மேஜையில சண்டை போட்டதுலேருந்து அவங்க ரெண்டு பேருக்கும் பேச்சே கிடையாது. ரஞ்சித் வந்தாத்தான் நானும் வருவேன்னு அந்தப் பொண்ணு பிடிவாதம் பிடிச்சதாலதானே உங்களையே சேர்த்தோம்."