தேங்காய் எண்ணெய் தடவிய டிஸ்க் பிரேக்

சைக்கிள் வாங்குகிறவனுக்கு முதலில் வருவது அபிப்பிராயம். சைக்கிள் அதற்கப்புறம்தான் வரும். ஓட்டத் தெரிவது எல்லாவற்றுக்கும் கடைசி. (உங்களுக்கு அது இன்னும் வரவில்லை என்கிறாள் என் மனைவி.)

அப்போது எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஐ.டி. வேலை, அம்பத்தூர் மேனாம்பேட்டில் வாடகை ஃபிளாட், மதுரையிலிருந்து வந்து கூடவே இருந்த அம்மா, பிறகு ஒரு தொப்பை. தொப்பையைக் குறைக்க சைக்கிள் வாங்கலாம் என்று கிளம்பியவன், பிரேக்கில் மாட்டிக்கொண்டேன். டிஸ்க் பிரேக் என்றால் சக்கரத்தின் நடுவில் ஒரு இரும்பு வட்டு இருக்கும். இரண்டு பக்கமும் பேடு வந்து அதைக் கவ்வும். மெக்கானிக்கலில் கவ்வ வைப்பது வயர், ஹைட்ராலிக்கில் குழாய்க்குள் இருக்கும் எண்ணெய். விஷயம் இவ்வளவுதான். இதற்காக மாதக்கணக்கில் யூடியூப் பார்த்தேன். ஆபீஸில் நான் வந்தாலே கேன்டீன் மேஜை காலியாகும். கடைசியில் ஹைட்ராலிக் வாங்கினேன். வாங்கி, பால்கனியில் நிறுத்திவைத்தேன்.

அந்தச் சமயத்தில்தான் அம்பத்தூரிலேயே ஒரு பெண் பார்க்கப் போனோம். பெயர் சுகந்தி, வங்கியில் வேலை. உள்ளதைச் சொல்கிறேன், பார்த்த உடனே பிடித்துவிட்டது. அவளும் அவள் அப்பாவும் தினமும் காலையில் சைக்கிள் ஓட்டுபவர்கள் என்று தெரிந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை.

“வண்டில எந்த பிரேக்கு தம்பி?” என்றார் அவள் அப்பா.

கேட்டிருக்கக் கூடாது. பஜ்ஜி ஆறிப்போகும்வரை பேசினேன். அம்மா மேஜைக்கடியில் என் காலை மிதித்துப் பார்த்தாள். நான் காலை நகர்த்திக்கொண்டு பேசினேன்.

“நமக்கு வயரு போதும்பா. அறுந்துச்சுன்னா எந்தக் கடைலயும் மாத்திக்கலாம். ஆயிலு புட்டுக்கிச்சுன்னா எவன்கிட்ட போவ?” என்றார் அவர்.

“ஆயில்னா ஒரு விரல் போதும் சார். தொட்டா நிக்கும்.”

சுகந்தி நடுவில் புகுந்தாள். “அப்ப விஜயதசமி அன்னிக்குக் காலைல எங்ககூட வாங்களேன். அந்த ஒரு விரலைப் பார்த்துட்டு என் பதிலைச் சொல்றேன்.”

விஜயதசமிக்கு முந்தின நாள் ஆயுத பூஜை. எங்கள் வீட்டு வழக்கப்படி அரிவாள்மனை, கத்தரிக்கோல், சுத்தியல் என்று இரும்பாய் இருப்பதையெல்லாம் தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்துப் பொட்டு வைப்போம். அம்மா சைக்கிளைச் சுற்றி வந்து பார்த்தாள்.

“அந்த வட்டு ஏன்டா மங்கிக் கெடக்கு? பொண்ணு வீட்டுக்காரங்க பாக்கப் போறாங்க.”

அம்மாவைக் குற்றம் சொல்ல மாட்டேன். அவள் யூடியூப் பார்க்கவில்லை. அத்தனையும் பார்த்த மகாபுத்திசாலி நான்தான், இரண்டு வட்டுக்கும் எண்ணெய் விட்டுப் பளபளவென்று தேய்த்து, அதன்மேல் சந்தனம், குங்குமம் வைத்துக் கற்பூரமும் காட்டினேன்.

மறுநாள் காலை அப்பாவும் பெண்ணும் எங்கள் கேட்டுக்கே வந்துவிட்டார்கள். நேராக ரயில்வே மேம்பாலம். ஏறும்போது பிரேக்குக்கு என்ன வேலை? மூச்சு வாங்கியதைக் காட்டிக்கொள்ளாமல் ஏறினேன். இறக்கத்தில்தான் வீரம் வந்தது. “இப்ப பாருங்க சார்!” என்று இரண்டு பேரையும் தாண்டிப் பாய்ந்து, ஒரு விரலால் பிரேக்கைத் தொட்டேன்.

நிற்கவில்லை. இரண்டு விரல். நிற்கவில்லை. பத்து விரலாலும் பிடித்தேன். சைக்கிள் தன் பாட்டுக்குப் போனது. “ஐயோ அம்மா!” என்று நான் போட்ட சத்தம் மேனாம்பேட்டில் அம்மாவுக்கே கேட்டிருக்கும்.

பாலம் இறங்கி முடியும் இடத்தில், ஆயுத பூஜைக்கு விற்றது போக மீந்த திருஷ்டிப் பூசணிக்காய்களைக் குவித்துவைத்து ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தார். நேராகக் குவியலுக்குள் போய் இறங்கினேன். காயம் ஒன்றும் பெரிதாக இல்லை. மானம்தான் முழங்காலோடு சேர்ந்து உரிந்தது.

“இன்னாயா நீ! அல்லாரும் வண்டிக்கு முன்னாடி பூசணிக்கா ஒடைப்பாங்க. நீ வண்டிய வுட்டே ஒடைக்கிறியே!” என்றார் அந்த அம்மாள்.

சுகந்தி பதறிப்போய் ஓடிவந்து என்னைத் தூக்கிவிட்டாள். அவள் அப்பா நிதானமாக ஸ்டாண்டு போட்டுவிட்டு வந்தார். “இன்னா தம்பி ஆச்சு?”

“கம்பெனி ஃபால்ட் சார். ஆயில் லீக் ஆயிடுச்சு போல.” முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். நான் உடைந்த பூசணிக்காய்களுக்கு நடுவில் நின்றுகொண்டு மறைக்கப் பார்த்தேன்.

சுகந்தி குனிந்து சக்கரத்தைப் பார்த்தாள். வட்டில் குங்குமம் எண்ணெயில் கரைந்து வழிந்திருந்தது. ஒரு தடவை மோந்து பார்த்தாள். “அப்பா, தேங்கா எண்ணெப்பா!”

நடந்ததை ஒப்புக்கொண்டேன். வேறு வழி? அவள் சிரிக்க ஆரம்பித்தாள். நடைபாதையில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். போச்சு, இந்த ஜென்மத்தில் நமக்குக் கல்யாணம் இல்லை என்று நான் முடிவு கட்டியபோது, கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: “எனக்கு ஓகேப்பா. இவரைத் தனியா ரோட்ல விடக் கூடாது.”

கல்யாணத்தில் பெண் வீட்டார் சீர்த்தட்டு வரிசையாக வந்தது. பழம், பூ, வெற்றிலைக்கு நடுவில் ஒரு தட்டில் பொட்டு வைத்த பூசணிக்காய், பக்கத்தில் புது பிரேக் பேடு ஒரு ஜோடி. மண்டபமே விழுந்து விழுந்து சிரித்தது. பந்தியில் பூசணிக்காய் கூட்டும் இருந்தது.

எண்ணெய் தடவினால் வயர் பிரேக்கும்தான் பிடிக்காது. இரண்டிலும் அதே வட்டு, அதே பேடு. இதை இன்றுவரை அந்தக் குடும்பத்தில் ஒருவருக்கும் என்னால் புரியவைக்க முடியவில்லை. ஹைட்ராலிக் என்று ஆரம்பித்தாலே யாராவது ஒருவர் பூசணிக்காய் என்கிறார்.

ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் மாமனார் போன் செய்கிறார்.

“மாப்ளே, பொட்டு எங்க வெச்சீங்க?”

“ஹேண்டில்பார்ல மாமா.”

“வட்டுல?”

“வைக்கலை மாமா.”

“சரி, போனை சுகந்தி கையில குடுங்க. அது சொல்லட்டும்.”