நீல வாத்துகளும் ராத்தாவின் சுடுதண்ணீரும்

கல்முனைக்குடி,
2007 ஜூலை.

மதிப்புக்குரிய நஸீர் மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கு எல்லோரும் சுகம். கட்டார் வெயிலில் நீங்களும் சுகமாக இருக்க ஐந்து வேளையும் துஆச் செய்கிறோம். உங்கள் மகன் உங்கள் மூக்கோடும் எங்கள் வாப்பாவின் குரலோடும் பிறந்திருக்கிறான். அந்தக் குரல் எழுந்தால் தெருவே எழுந்துவிடுகிறது. பிள்ளை பெற்ற மர்ஷூதா ராத்தாவும் நலம், எங்கள் வீட்டில்தான் இருக்கிறார். போன கிழமை அது உறுதியாக இருக்கவில்லை என்பதைச் சொல்லத்தான் இக்கடிதம்.

காட்டுப் பக்கம் சண்டை என்று விறகுக்குப் போகிறவர்கள் நின்றுவிட்டது உங்களுக்குத் தெரியும். பிள்ளை பெற்றவளுக்கோ நாற்பது நாளும் இலை அவித்த சுடுதண்ணீர் வேண்டும். உம்மா முதலில் பழைய கதவை அடுப்பில் வைத்தார், பிறகு கோழிக்கூட்டை வைத்தார், அதன் பிறகு என் புத்தகத் தட்டை ஒரு மாதிரியாகப் பார்க்கத் தொடங்கினார். இதைக் கேள்விப்பட்ட உங்கள் உம்மா, ஆசியா மாமி, மருதமுனையிலிருந்து சொல்லியனுப்பினார்: "நூலுக்குச் சாயம் காய்ச்ச வாங்கின விறகு எங்கட வீட்டுல குவிஞ்சு கிடக்கு. மருமகளையும் புள்ளயயும் நான் கூட்டிட்டுப் போறன்." மகளுக்கென்று கொடுத்த வீட்டிலிருந்து மகளையே அனுப்பினால் வாப்பா பள்ளிவாசலுக்கு எந்த முகத்தோடு போவார்? வாப்பா சாப்பாட்டைக் குறைத்தார். ராத்தா எனக்கு மட்டும் கேட்க அழுதார்.

அந்த நேரத்தில்தான் நீங்கள் அனுப்பிய செம்புக் குழாயும் படமும் வந்தன. குளித்த சுடுதண்ணீர் வெளியே போகும் குழாயைச் சுற்றிச் செம்புக் குழாயைச் சுருட்டினால், அதற்குள் வரும் புதுத் தண்ணீர் அந்தச் சூட்டை வாங்கிக்கொண்டு அண்டாவுக்கு வரும், அடுப்புக்குப் பாதி விறகு போதும் என்று எழுதியிருந்தீர்கள். பாண்டிருப்பிலிருந்து குழாய் வேலை செய்யும் அழகரெத்தினம் அண்ணன் வந்தார். சுனாமிக்குப் பிறகு வீடு கட்டித் தந்தவர்கள் கூரையில் வைத்த கறுப்புத் தண்ணீர்த் தாங்கியிலிருந்து நேராக ஒரு வழியும் சுருளுக்குள்ளால் ஒரு வழியுமாக இழுத்து, இரண்டையும் ஒரே பைப்பில் சேர்த்து, சுருளுக்கு ஒரு வால்வும் வைத்துப் போனார். முதல் நாள் பகல் குளிப்புக்கே தண்ணீர் வெதுவெதுவென்று வந்தது. என் புத்தகத் தட்டு தப்பியது. வாப்பா இரண்டாம் முறை சோறு கேட்டார்.

ஆனால் பக்கத்து வீட்டுக் கச்சிமுகம்மது காக்கா வேலிக்கு மேலால் படத்தைப் பார்த்துவிட்டு, குளித்த தண்ணீரையே பிடித்துத் திருப்பி ஊற்றுகிறார்கள் என்று சந்தையில் கதைத்திருக்கிறார். கதை மருதமுனைக்குப் போய்ச் சேர்ந்தது. மறுநாளே மாமி ஓட்டோவோடு வாசலில்.

"ஊத்தத் தண்ணியிலயா என்ட மருமகளைக் குளிப்பாட்டுறீங்க? அந்தத் தண்ணியில தொழுகை கூடுமா? சாமானைக் கட்டு மர்ஷூதா!"

"ரெண்டு தண்ணியும் தொடாது மாமி, சூடு மட்டும்தான் மாறும்" என்றேன்.

"நீ சும்மா இரி கிளி. புத்தகத்துல ஆயிரம் இரிக்கும்."

வாப்பா துணிக்குப் போடும் நீலத்தைப் பெட்டியோடு குளித்த தண்ணீர் போகும் கானுக்குள் கொட்டி, வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினார். மாமி பிள்ளையின் வெள்ளைத் துணியைப் பைப்பில் நனைத்து வெயிலில் பிடித்துப் பார்த்தார். சாயம் தோய்ப்பதிலேயே காலம் போன கண் அது, அதற்கு ஒரு துளி நீலமும் தப்பாது. துணி வெள்ளையாகவே இருந்தது. அதே நேரத்தில் பின்வளவிலிருந்து கச்சிமுகம்மது காக்காவின் அலறல்: "அல்லாஹ்வே, என்ட வாத்து!" கான் தண்ணீர் தேங்கும் வாழைக் குழிக்குள்ளிருந்து அவருடைய வெள்ளை வாத்துகள் நீல வாத்துகளாக ஏறி வந்துகொண்டிருந்தன.

மாமி வாத்தைப் பார்த்தார், துணியைப் பார்த்தார், வேலையைப் பார்க்க வந்து நின்ற அழகரெத்தினம் அண்ணனைப் பார்த்தார். "எங்கட சாயத் தண்ணியும் கொதிக்கக் கொதிக்கத்தானே தம்பி சும்மா ஓடுது? ஏறுங்க ஓட்டோவில." ராத்தாவுக்காக வந்த ஓட்டோவில் அழகரெத்தினம் அண்ணன் மருதமுனைக்குப் போனார். அழுக்கை விட்டுவிட்டுச் சூட்டை மட்டும் கைமாற்றும் குழாய்கள் இந்த ஊர்களுக்கிடையில் இன்னும் சில இருந்தால் நல்லது என்று நினைத்துக்கொண்டேன்.

கச்சிமுகம்மது காக்கா இன்னும் எங்களோடு கதைப்பதில்லை. வாத்துகள் கதைக்கின்றன. உங்களுக்கு உம்மா, வாப்பா, ராத்தா எல்லோருடைய ஸலாமும். உங்கள் கைகளில் அல்லாஹ் பரகத் செய்வானாக.

இப்படிக்கு,
றிஸ்மியா

பி.கு.: கடிதத்தை ஒட்டப்போகும்போது மாமி வீட்டுச் சுருளுக்காக அழகரெத்தினம் அண்ணன் இங்கே அளவு பார்க்க வந்தார். சுருளின் வால்வு இறுக மூடியிருக்கிறது, பிடியில் சிலந்தி வலை. இவ்வளவு நாளும் சூடு தந்தது கூரையில் வெயில் குடித்த கறுப்புத் தாங்கிதான். மாமி சோதித்த தண்ணீர் சுருள் பக்கமே போகவில்லை. நான் ராத்தாவைப் பார்த்தேன்.

"என்ன பார்க்கிறா? மொத நாளே நான்தான் மூடினன். ஊத்தக் குழாயைச் சுத்தி வாற தண்ணி, மனசுக்கு ஒரு மாதிரி இருந்திச்சு."

"மாமி வந்து நிக்கக்குள்ளயாவது சொல்லியிரிக்கலாமே?"

"சொல்லியிருந்தா நான் இப்ப மருதமுனையில இருந்திரிப்பன் எலுவா!"

வால்வைத் திறந்துவிட்டோம். தண்ணீர் முந்தியதைவிடச் சூடாக வருகிறது, உங்கள் படம் சரிதான். மாமிக்கு ஒரு சுருள் அனுப்புங்கள். அதற்கு வால்வு வைக்க வேண்டாம் என்று அழகரெத்தினம் அண்ணனிடம் சொல்லியிருக்கிறேன்.