நாகல் நகரே சேர்ந்து அமுக்கிய விளம்பரம்

நாகல் நகர், திண்டுக்கல்
வியாழக்கிழமை

அன்புள்ள மாப்பிள்ளை பைசல் அவர்களுக்கு, மாமா சௌகத் அலி எழுதிக்கொண்டது. அஸ்ஸலாமு அலைக்கும்.

இங்கே எல்லோரும் நலம் என்று எழுதுவது முறை. எழுதிவிட்டேன், முறை முடிந்தது. இனி உண்மையைச் சொல்கிறேன். உங்கள் மனைவியும் என் ஒரே மகளுமான ஹாஃபிஸா என்னோடு பேசி இன்றோடு பத்தொன்பது நாள் ஆகிறது. எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது, எழுந்தால் வாசலுக்குப் போகிறேன், வாசலில் எனக்கு ஒரு வேலையும் இல்லை. என் நம்பரை அவள் பிளாக் செய்துவிட்டாள். உங்கள் போனும் பாதி நேரம் அவள் கையில்தான் இருக்கிறது. அதனால்தான் இதை வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டு எதிரே உள்ள உங்கள் செருப்புக் கடை முகவரிக்குத் தபாலில் போடுகிறேன். கடையிலேயே படித்துவிடுங்கள், வீட்டுக்கு எடுத்துப் போக வேண்டாம்.

நடந்ததை அவள் தன் பாணியில் சொல்லியிருப்பாள். என் பாணியிலும் கேளுங்கள். வத்தலக்குண்டிலிருந்து எந்த ஊருக்கு எத்தனை மணிக்குப் பஸ் என்று ஒரு வெப்சைட் நடத்தினாளே, வெயிலில் நின்று கண்டக்டர்களைக் கேட்டுக் கேட்டு எழுதினாளே, அதில் முதல் விளம்பரம் வந்த அன்று எனக்கு வாட்ஸப்பில் அனுப்பினாள். ஒரு மெத்தைக் கடை விளம்பரம். "அத்தா, நானும் சம்பாதிக்கப் போறேன்" என்று கூடவே ஒரு வரி. எனக்குக் கண் கலங்கிவிட்டது மாப்பிள்ளை. முப்பத்தைந்து வருடம் தோல் வியாபாரம் பார்த்தவன் நான். யாரோ ஒரு மெத்தைக்காரன் நம்பி நம் பிள்ளை சுவரில் போர்டு மாட்டியிருக்கிறான். போர்டைப் பார்த்து ஓர் ஈ, காக்கைகூட அவன் கடைக்குப் போகவில்லை என்றால் அடுத்த மாதமே கழற்றிவிட மாட்டானா? அந்த மரியாதைக்காகத்தான் தினமும் காலை டீ குடித்ததும் அந்த விளம்பரத்தை அமுக்கினேன். இரண்டு தட்டுத் தட்டினால் மெத்தை கிட்டே வரும். சரி, கடைக்குள் நுழைந்துவிட்டோம் என்று ஒரு சலாம் சொல்லிவிட்டு வெளியே வருவேன். நான் மட்டும் போனால் கூட்டமாகத் தெரியாதே என்று தெரிந்த வியாபாரிகளுக்கெல்லாம் அதை அனுப்பினேன். பூட்டுக் கடை ஞானராஜ் கல்லாவில் உட்கார்ந்தபடியே அமுக்கினார். ஒட்டன்சத்திரத்திலிருந்து வெங்காயம் கொண்டுவரும் நாச்சிமுத்து, "ஏனுங்க பாய், இன்னைக்கும் பாப்பா கடைக்குப் போயிட்டு வந்துட்டனுங்க, கூட்டமே இல்லீங்க" என்று வருத்தப்பட்டார். அந்த வருத்தத்தில் எல்லோரும் இன்னும் நாலு தடவை அமுக்கினோம்.

பிறகுதான் ஹாஃபிஸா போன் செய்தாள். "அத்தா, விளம்பரக் கம்பெனிக்காரங்க என் கணக்கை முடக்கிட்டாங்க. செல்லாத கிளிக்காம். எனக்குக் காசு வரட்டும்னு யாரோ வேணும்னே விளம்பரத்தை அமுக்கியிருக்காங்கன்னு சொல்றாங்க."

நான் பெருமையாக, "நான்தாம்மா! நான் மட்டுமா, நாகல் நகர் பூராவும் உனக்காக அமுக்குது" என்றேன். "அத்தா!" என்று கத்தினாள். சந்தோஷத்தில் கத்துகிறாள் என்று நினைத்து, "இன்னைக்கு சாயங்காலம் மசூதித் தெருவுலயும் சொல்றேன்" என்றேன். வைத்துவிட்டாள்.

அன்றிலிருந்து நான் படும் பாடு கொஞ்சமல்ல. கம்பெனிக்கு மன்னிப்புக் கடிதம் எழுதலாம் என்று பிரவுசிங் சென்டருக்குப் போனேன். அங்கிருந்த பெண், "பாய், அவங்க ஆபீசு எங்க இருக்குன்னு எங்களுக்கே தெரியாது" என்றது. அமுக்க வேண்டாம் என்று வியாபாரிகளிடம் சொல்லப் போனால், "நல்லதுக்குத்தானே பாய் செஞ்சோம்" என்று ஞானராஜ் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். போன வாரம் நீங்கள் கடையில் இருந்த நேரம் உங்கள் வீட்டுக்கே வந்தேன். ஹாஃபிஸா உள்ளேயே இருந்துகொண்டு உங்கள் அம்மா ஆரிபாவிடம் டீ கொடுத்து அனுப்பினாள். சீனி போடாத டீ. எனக்குச் சுகர் இருப்பதை மறக்கவில்லை என்று பஸ்ஸில் வரும்போது நினைத்து நினைத்து அழுதேன். தன் அம்மா ஜீனத்தோடு மட்டும் தினமும் பேசுகிறாள், அதுவும் என்னைத் திட்டுவதற்கு. ஜீனத்தும், "உங்கத்தா கை சும்மா இருக்காதும்மா" என்று ஒத்து ஊதுகிறாள். அதோடு, கணக்கைத் திரும்பக் கேட்டுக் கம்பெனிக்குப் போட்ட மனுவில் "இது என் தந்தையின் அறியாமை" என்று ஹாஃபிஸா எழுதியிருக்கிறாளாம். எழுதட்டும். அறியாமைதான்.

ஆகவே மாப்பிள்ளை, இது கைக்குக் கிடைத்த அன்றே நீங்கள் அவளிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அத்தா தெரியாமல் செய்துவிட்டார், ஒரே ஒரு தடவை போன் போடு என்று. அவள் திட்டினாலும் சரி, எனக்கு அவள் குரல் கேட்க வேண்டும்.

உங்கள் அம்மாவுக்கு என் சலாம். உங்கள் கடையிலும் வீட்டிலும் பரக்கத் பெருக துஆச் செய்யும்,
மாமா சௌகத் அலி

பின்குறிப்பு: ஒட்டுவதற்கு முன் கடிதத்தை ஜீனத்திடம் படித்துக் காட்டினேன். "எப்படி அமுக்குனீங்க, செஞ்சு காட்டுங்க" என்றாள். காட்டினேன். "இது அவ அனுப்புன போட்டோங்க. போட்டோவைத் தட்டுனா பெருசாத்தான் ஆகும்" என்றாள். நாகல் நகரே சேர்ந்து ஒரு போட்டோவை அமுக்கியிருக்கிறோம் மாப்பிள்ளை! நான் குற்றமற்றவன் என்று துள்ளி எழுந்தேன். ஜீனத் உட்கார்ந்த இடத்தை விட்டு எழவில்லை. விடியற்காலையில் சுபுஹு தொழுததும் தினமும் அந்த வெப்சைட்டைத் திறந்து, வருகிற விளம்பரம் அத்தனையையும் அமுக்கியது அவள்தானாம். "பிள்ளை வெயில்ல நின்னு எழுதுனது. ஆளே வரலைன்னா மனசு ஒடஞ்சு போவாள்ல" என்றாள். இந்தப் பத்தொன்பது நாளும் பயத்தில் சொல்லவில்லையாம். இவ்வளவு எழுதியதைக் கிழிக்க மனம் வரவில்லை, அப்படியே அனுப்புகிறேன். ஆனால் ஹாஃபிஸாவிடம் ஒன்றும் சொல்லிவிடாதீர்கள். போன் போடச் சொல்லவும் வேண்டாம். என் குரலைக் கேட்டால் அவள் துருவித் துருவிக் கேட்பாள், எனக்குப் பொய் நிற்காது. அவள் பேசாவிட்டால் நான் வாசலுக்கும் வீட்டுக்கும் நடந்தாவது நாளைக் கடத்திவிடுவேன். ஜீனத்தால் ஒரு நாள்கூட முடியாது. அமுக்கியது நான்தான்.