மலைக்கும் இடிக்கும் ஆகாது

இடியைத் தலைக்கு மேல் தூக்கித் தொப்பென்று கீழே போட்ட மலை, உடனே குனிந்து, "வலிக்குதாப்பா?" என்று கேட்டது மைக்கில் தெளிவாக விழுந்தது. அரங்கமே சிரித்தது.

மல்யுத்த நிகழ்ச்சிக்குக் கதை எழுதுபவர் தலையில் கை வைத்துக்கொண்டார். ஜென்மப் பகை என்று எழுதியிருந்தார். மலை, இடி என்ற பெயர்களும் அவர் வைத்தவைதான். நிஜத்தில் இருவரும் ஒரே தட்டில் சாப்பிடுகிற சிநேகிதர்கள்.

"கோபம் வரணும்யா. நடிப்புன்னு அப்பட்டமா தெரியுது," என்றார் முதலாளி. "இல்லேன்னா நான் வேற ஆளைப் பார்த்துக்கறேன்."

எந்த வேலைக்கு வேறு ஆள் என்று சொல்லவில்லை. கதாசிரியருக்குப் புரிந்துவிட்டது.

மறுநாள் மலையைத் தனியே அழைத்தார்.

"நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க. 'அவன் ஊதிப் போயிட்டான், தூக்கவே முடியலை'ன்னு இடி சொல்லிட்டுத் திரியறாரு."

மலை தன் வயிற்றைத் தடவிப் பார்த்துக்கொண்டார். "நிஜம்தானே சார். நேர்ல சொன்னா நான் வருத்தப்படுவேன்னு உங்ககிட்ட சொல்லியிருக்கான். எவ்வளவு அக்கறை பாருங்க."

அன்றிலிருந்து இருவரும் சேர்ந்தே காலை நடைக்குப் போக ஆரம்பித்தார்கள்.

கதாசிரியர் அசரவில்லை. குடும்பத்தை இழுத்துவிட்டால் ரோஷம் தானாக வரும் என்று கணக்குப் போட்டார். மலையின் மகனும் இடியின் மகளும் முன்வரிசையில் நின்று, ஒருவர் அப்பாவை ஒருவர் திட்ட வேண்டும். வசனம் எழுதிக் கொடுத்தார். இரண்டும் பொறுப்பான பிள்ளைகள். கொடுத்த ஒத்திகை போதாதென்று சாயங்காலங்களிலும் எங்கெங்கோ சந்தித்து ஒத்திகை பார்த்தார்கள்.

நிகழ்ச்சியன்று கைகோத்தபடி வந்து நின்றார்கள்.

"திட்ட வாயே வரமாட்டேங்குது அங்கிள்," என்றாள் பெண். "நாங்க கல்யாணம் பண்ணிக்கப் போறோம்."

அப்பாக்கள் இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். இடி குலுங்கிக் குலுங்கி அழுதார்.

கதாசிரியர் அந்தப் பகையைக் கைகழுவினார். அன்றைக்கே மேடையில் சமாதானம் நடந்தது. இனி இவர்கள் ஒரே அணி, எந்நாளும் மோத மாட்டார்கள் என்று அறிவிப்பும் செய்தாயிற்று. ஜனங்கள் கொட்டாவி விட்டபடி கலைந்தார்கள்.

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. அடுத்த வாரம், இருவருக்கும் ஒரே மாதிரி தைத்த உடுப்புகளோடு உடை மாற்றும் அறைக்குப் போன தையல்காரம்மா, போன வேகத்தில் திரும்பி வந்தார். உள்ளே நாற்காலி உடையும் சத்தம்.

கதாசிரியர் ஓடிப்போய் எட்டிப் பார்த்தார். இடி மலையின் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தார். மலை இடியின் காதைக் கடித்துக்கொண்டிருந்தார். எழுதி எழுதிப் பார்த்தும் வராத கோபம் இரண்டு முகத்திலும் கொழுந்துவிட்டு எரிந்தது. படம் பிடிக்க ஒரு கேமரா இல்லை. பார்க்க ஒரு ஜனம் இல்லை.

"நான் தலைகீழா நின்னும் நடக்கலையேம்மா," என்றார் ஏக்கத்தோடு. "யாரு இப்படி மூட்டிவிட்டது?"

தையல்காரம்மா உடுப்புகளை நிதானமாக மடித்து வைத்தார்.

"நீங்கதான் சார். ரெண்டு பேரையும் சம்பந்தி ஆக்கிட்டீங்களே."