மொட்டை மாடியில் மடி

இயற்பியலில் முதுகலைப் பட்டம் பெற்றவன் மின்சாரத்துக்கு அஞ்சமாட்டான் என்று பலரும் நம்புகிறார்கள். உண்மை நேர்மாறானது. எதனால் சாகப் போகிறோம் என்பது அவனுக்குத்தான் துல்லியமாகத் தெரியும்.

மயிலாப்பூரில் எங்கள் அடுக்ககத்தின் மொட்டை மாடிக்கு சோலார் பேனல் வேண்டும் என்று வீடு வீடாகப் போய்ப் பேசியவன் நான். நிலக்கரியின் தீமை பற்றியும் உயரும் கடல் பற்றியும் நான் ஆற்றிய உரைக்குப் பயந்தே பலர் கையெழுத்திட்டார்கள் (என்னைக் கண்டதும் லிஃப்ட்டை விட்டுப் படியில் இறங்கியவர்களும் உண்டு). எட்டு பேனல்கள் வந்தன. ஓராண்டுக்குள் கடற்காற்றில் மாடியிலிருந்த இணைப்புப் பெட்டி துருப்பிடித்தது. அதை மாற்ற எலக்ட்ரீஷியன் பாபு பதினொரு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். பொதுக் காரியத்தில் தாமதம் கூடாது என்று பத்தரைக்கே நான் ஸ்க்ரூடிரைவருடன் ஏறிவிட்டேன். கீழே ஸ்விட்சை அணைத்திருந்தேன். இருமுறை சரிபார்த்தும் இருந்தேன்.

பெட்டியிலிருந்து இரண்டு ஒயர்களையும் கழற்றியபோது அவற்றின் செம்பு நுனிகள் ஒரு கணம் உரசின. நீல நாக்கு ஒன்று நீண்டு, 'சர்ர்' என்று சீறியது.

அப்போதுதான் உறைத்தது. நான் அணைத்தது வீட்டுக்குப் போகும் பாதையை மட்டுமே. வெயில் படுகிற வரையில் பேனல்கள் தம் வேலையை நிறுத்தா. எட்டும் தொடராக இணைந்தவை. என் கையிலிருந்த இரு நுனிகளுக்கும் நடுவே ஏறக்குறைய முந்நூறு வோல்ட்.

கைகளை முடிந்த மட்டும் விரித்தேன். ஒயர்களைக் கீழே வைக்கவும் வழியில்லை. வடாம் பிழிவதற்காக மூன்றாம் மாடிக் கோமளா மாமி அப்போதுதான் தரையைக் கழுவிவிட்டிருந்தார். ஒரு மேகம் வந்தது. வெளிச்சம் குறைந்தால் மின்னோட்டம் குறையுமே தவிர, மின்னழுத்தம் எளிதில் குறையாது என்ற பாடம், தேர்வறையில் மறந்துபோன அதே பாடம், வரி பிசகாமல் நினைவுக்கு வந்தது. சூரியன் மறைய இன்னும் எட்டு மணி நேரம் இருந்தது.

மாமி மாவுக் கையோடு வந்தார்.

"ஏம்ப்பா ரகு, கையை விரிச்சுண்டு என்ன பண்ற? ஒண்ணை எங்கிட்ட குடு, பிடிச்சுக்கறேன்."

"மாமி, கிட்ட வராதீங்க! தொடாதீங்க!"

மாமியின் முகம் சிவந்தது. அவர் அறிந்தவரையில் இந்த இரண்டையும் சேர்த்துச் சொல்பவர்கள் மடியாக இருப்பவர்கள் மட்டுமே: குளித்து, தனியே காயவைத்த துணி உடுத்தி, பூஜை முடியும்வரை யாரும் மேலே படாமல் விலகி நிற்பவர்கள்.

"எனக்கே மடி சொல்றயா? ஜீன்ஸைப் போட்டுண்டு மடியாம்! நாப்பது வருஷமா நான் பாக்காத மடியா?"

சொல்லிக்கொண்டே ஈரக் காலுடன் நெருங்கினார். அவர் ஓரடி வைக்க, நான் ஓரடி பின்வாங்க, ஒயரின் நீளம் தீர்ந்துபோனது. என் உயிர் போனால் போகட்டும் (இது இப்போது சேர்த்த வரி, அப்போது அப்படி நினைக்கவில்லை). மாமிக்கு ஏதாவது ஆகிவிட்டால்? அவர் பிள்ளைகள் முகத்தில் எப்படி விழிப்பேன்? அதற்குப் பிறகு இந்தத் தெருவில் எவர் மாடியிலாவது பேனல் ஏறுமா?

"ஷாக்... ஷாக்..." என்றேன்.

"எனக்குந்தான் ஷாக்கா இருக்கு," என்றார் மாமி.

"மாமீ, அப்பால நவுரு!" என்று மாடிப்படியிலிருந்து ஒரு குரல். பாபு. ஒரே பார்வையில் அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. "இன்னா சார், சூரியன ஆஃப் பண்ணாம கை வச்சிட்டியா? ஆடாத. டேப்பு எங்க கீது?"

"தெ... தெரியல."

"உன் பாக்கெட்லயே கீதே!"

என் சட்டைப் பையிலிருந்து டேப்பை எடுத்து ஒரு நுனியைச் சுற்றினார், பிறகு மற்றொன்றை. இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. ஆனால் விரித்த கைகள் மடங்க மறுத்தன. "எறக்கு சார், முட்ஞ்சிபோச்சி," என்று பாபுதான் அவற்றை ஒவ்வொன்றாக மடக்கிவிட்டார்.

அன்று மாலையே புதிய பெட்டியின் மேல் ஓர் அறிவிப்பு ஒட்டினேன்: 'கீழே அணைத்தாலும் பகலில் இங்கே மின்சாரம் இருக்கும். தொடாதீர்கள்.' அந்தக் கடைசிச் சொல்லுக்கு மாமி இன்றுவரை தம் உரையைச் சேர்த்தே எல்லோருக்கும் படித்துக் காட்டுகிறார். எங்கள் வீட்டிலோ, ஒரு பல்பு மாற்ற வேண்டுமென்றால்கூட என்னைக் கூப்பிடுவதில்லை.

"அவனை விடு," என்று நாற்காலியை இழுத்துப்போட்டுத் தானே ஏறுகிறாள் அம்மா. "அவன் கரண்டுக்கு மடி."