எண்பத்தெட்டாம் அலைவரிசையில் என் மானம்

கண்ணாடி முன்னால் நின்று, கல்பாக் தொப்பியைத் தலையில் அழுத்தி வைத்துக்கொண்டு ஒரு முடிவெடுத்தேன். இனிமேல் என் காரில் இரண்டே குரல்தான் கேட்க வேண்டும். ஒன்று பாட்டு. இன்னொன்று என்னுடையது.

அதுவரை கேட்டுக்கொண்டிருந்தவை இரண்டும் பெண் குரல்கள். ஒருத்தி ஜப்பான்காரி. சாவியைத் திருப்பியதும் ஸ்டீரியோவுக்குள்ளிருந்து மிகுந்த மரியாதையோடு ஏதோ சொல்வாள். என்ன சொல்கிறாள் என்று இன்றுவரை தெரியாது. இன்னொருத்தி என் மனைவி ஜிப்பார். அவள் சொல்வது தெளிவாகவே புரியும்.

எங்கள் பிஷ்கெக் நகரத்தில் பாதிக் கார்கள் ஜப்பானில் ஓடி ஓய்ந்து வந்தவை. ஸ்டீயரிங் வலப்பக்கம். எங்கள் சாலையிலும் வலப்பக்கமாகத்தான் போக வேண்டும். ஆகவே முன்னால் லாரி போனால், எதிரே என்ன வருகிறது என்று ஓட்டுகிற எனக்குத் தெரியாது. இடப்பக்கம் உட்கார்ந்திருக்கும் ஜிப்பாருக்குத்தான் தெரியும்.

"போகலாமா?" என்பேன்.

"இருங்க."

இருப்பேன்.

"இப்போ போங்க."

போவேன். காரை விட்டு இறங்கிய பிறகும் இந்தப் பழக்கம் என்னை விடவில்லை. அதுதான் என் சோகம்.

இந்த நேரத்தில்தான் மகன் ஆதிலேத்துக்குப் பெண் அமைந்தது. தோக்மோக் ஊர். கனிஷாய் என்று தங்கமான பெண். அவள் அப்பா ஷார்ஷென் உடனே சம்மதித்துவிட்டார். அம்மா கலிச்சா மட்டும் இழுத்தாள். தொலைபேசியில் என்னிடமே கேட்டாள்.

"உங்க வீட்டுல எப்படி, ஒமுர்பெக்? யார் சொன்னா நடக்கும்?"

என்னை எடை போடுகிறாள் என்று புரிந்துவிட்டது. முதுகை நிமிர்த்திக்கொண்டேன். "எங்க வீட்டுல நான் ஒரு சொல் சொன்னா, அதுக்கு மறுசொல் கிடையாதுங்க. மருமகளும் அப்படித்தான் இருக்கணும்."

"சரி, ஞாயித்துக்கிழமை வாங்க. அன்னைக்கு முடிவு சொல்றோம்" என்று சட்டென்று வைத்துவிட்டாள். மரியாதையில் வாயடைத்துப் போய்விட்டாள் என்று நினைத்தேன். ஜிப்பார் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். சம்மதம் என்றால் பெண்ணின் காதில் போட வேண்டிய கம்மலை எடுத்துக் கைப்பைக்குள் வைத்தாள். இல்லையென்றால் அது அதே பையில் வீடு திரும்பும். அந்த அவமானம் எனக்கு வேண்டாம்.

ஆகவே ஞாயிறன்று நான் ஆண்மகனாகப் போய் இறங்க வேண்டும். பாட்டு முழங்க இறங்க வேண்டும். என் கையில் எம்.பி.த்ரீ பிளேயர் இருந்தது. ஆனால் காரோடு வந்த ஸ்டீரியோவுக்கு அதைச் சொருக ஓட்டை கிடையாது. குட்டித் தட்டு ஒன்றைப் போட ஒரு வாய் உண்டு. அந்தத் தட்டை எங்கள் நாட்டில் கண்ணால் கண்டவர் யாரும் இல்லை.

"மெக்கானிக்கைக் கூப்பிடுங்க" என்றாள் ஜிப்பார்.

"நானே வயர் கொடுப்பேன்."

"போன தடவை அழைப்புமணிக்கு வயர் கொடுத்தீங்க. மணியை அடிச்சா பக்கத்து வீட்டு விளக்கு எரிஞ்சுது."

"அது வேற. இது வேற."

ஸ்டீரியோவைக் கழற்றினேன். பின்னால் இடியாப்பம் மாதிரி வயர். ஒன்றைத் தொட்டேன், ஹாரன் அலறியது. இன்னொன்றைத் தொட்டேன், ஜன்னல் கண்ணாடி இறங்கியது, ஏற மறுத்தது. ஜப்பான்காரி மட்டும் மரியாதை குறையாமல் பேசிக்கொண்டேயிருந்தாள்.

"என்னங்க சொல்றா?"

"ரொம்ப நல்லாப் பண்றேன்னு சொல்றா."

"அவளுக்குப் பொறுமை ஜாஸ்தி" என்று சொல்லிவிட்டு ஜிப்பார் உள்ளே போனாள்.

கடைசியில் தோர்தோய் சந்தையில் ஒரு எஃப்.எம் கருவி வாங்கிவந்தேன். ஒரு முனையை சிகரெட் லைட்டர் குழியில் சொருக வேண்டும், மறுமுனையைப் பிளேயரில். பாட்டைக் காற்றில் அனுப்பும், ரேடியோ பிடித்துக்கொள்ளும். ஒரே சிக்கல், ஜப்பான் ரேடியோ தொண்ணூறோடு நின்றுவிடும். கருவி எண்பத்தெட்டுக்குக் கீழே இறங்காது. நடுவில் ஒரு சின்னச் சந்து. ஊரிலுள்ள ஜப்பான் கார் அத்தனையும் அந்தச் சந்துக்குள்தான் பாட வேண்டும். சிவப்பு விளக்கில் நின்றால் பக்கத்துக் கார்க்காரனின் பாட்டு நம் காரில் கேட்கும். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் என் புத்தி வேலை செய்யவில்லை.

எண்பத்தெட்டில் வைத்தேன். பாடியது! கார் முழுக்கப் பாட்டு. ஜன்னல் மூடாததால் தெரு முழுக்கவும்.

இன்னொரு வேலை பாக்கி இருந்தது. விருந்தில் கோப்பையைத் தூக்கி நான் நாலு வார்த்தை பேசியாக வேண்டும். பேச எழுந்தாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். பிளேயரில் குரல் பதிவு செய்யும் வசதி உண்டு. சனிக்கிழமை சமையலறையில் போர்சோக் மாவைத் துண்டு போட்டுக் கொடுத்துக்கொண்டே பேச்சைப் பாடம் செய்தேன். ஜிப்பார் அவற்றை எண்ணெயில் பொரித்துக்கொண்டிருந்தாள். பிளேயரை மாவு டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தேன். பேச்சு அருமையாக வந்தது. என்ன, இடையிடையே அவள் குரலும் சேர்ந்து பதிவாகிவிட்டது. அதை மட்டும் அழிக்க வழி தெரியவில்லை. நான் ஒருவன்தானே கேட்கப்போகிறேன் என்று விட்டுவிட்டேன்.

ஞாயிறு. மகனை வீட்டில் விட்டுவிட்டு நாங்கள் இருவர் மட்டும் போனோம். தோக்மோக் எல்லையில் சம்பந்திகள் தங்கள் காரோடு வந்து எதிர்கொண்டார்கள். அதுவும் ஜப்பான் கார்தான். பெண்கள் இருவரும் கட்டிக்கொண்டார்கள்.

"சம்பந்தியம்மா எங்க வண்டியில வரட்டும். எங்க ஊருக்கு முதல் தடவையா வர்றாங்க, அதுதான் மரியாதை" என்றார் ஷார்ஷென்.

"தாராளமா!" என்றேன். எனக்கு உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம்.

அவர்கள் கார் முன்னால். தெருவை அடைத்துக்கொண்டு பசுமாடுகள் போனதால் ஊர்ந்துகொண்டு போனது. நான் ஒட்டினாற்போல் பின்னால். காரில் தன்னந்தனியாக இருக்கிறேன். இதைவிட நல்ல நேரம் வாய்க்காது. பேச்சைப் போட்டு, கூடவே நானும் சொல்லிக்கொண்டு வந்தேன். முன் காரில் தலைகள் குலுங்குவதைப் பார்த்தேன். ரோடு மோசம் என்று நினைத்துக்கொண்டேன்.

விருந்து. ஆட்டுக்கறி மணக்கிறது. கலிச்சா எனக்கு நேரே உட்கார்ந்திருந்தாள். முகத்தில் எதையும் படிக்க முடியவில்லை. கோப்பையோடு எழுந்தேன்.

"பெரியோர்களே! எங்கள் வீட்டில் நான் ஒரு சொல் சொன்னால்..."

"துண்டு சின்னதா இருக்கு, பெரிசா வெட்டுங்க" என்றாள் கலிச்சா.

கூட்டம் முழுவதும் அவளைப் பார்த்தது. அது ஜிப்பாரின் வார்த்தை. என் சமையலறை வார்த்தை.

"குடும்பத் தலைவன் என்பவன்..." என்று எப்படியோ தொடர்ந்தேன்.

"கையைக் கழுவிட்டு மாவைத் தொடுங்கன்னு எத்தனை தடவை சொல்றது?" என்றார் ஷார்ஷென். சொல்லிவிட்டு என் குரலிலேயே, "இதோ கழுவிட்டேம்மா" என்று முடித்தும் வைத்தார்.

சிரிப்பு கூரையைப் பிய்த்தது. என் முகம் கொதித்தது. கோப்பையை வைக்கவும் தெரியவில்லை, குடிக்கவும் தெரியவில்லை. தரை பிளந்தால் நன்றாயிருக்கும் என்று சொல்வார்களே, நான் உண்மையிலேயே கம்பளத்தைக் குனிந்து பார்த்தேன். என் மகனின் கல்யாணத்தை என் வாயாலேயே கெடுத்துவிட்டேன். இனி அவன் முகத்தில் எப்படி விழிப்பேன்? வெட்கத்தில் கண்ணில் நீர் முட்டியது. ஐம்பது வயதில், பத்துப் பேர் முன்னால்.

கலிச்சா சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுந்தாள்.

"ஒமுர்பெக், ஒரு உண்மை சொல்லட்டுமா? இன்னைக்கு 'வேண்டாம்'னு சொல்லத்தான் இருந்தேன். அன்னைக்கு ஃபோன்ல நீங்க பேசினதைக் கேட்டு எனக்குத் தூக்கமே வரல. மறுசொல் கிடையாதாம்ல? அந்த மாதிரி வீட்டுக்கு என் பொண்ணை அனுப்புவேனா?"

"அது... சும்மா..."

"தெரியுதே, இப்போ நல்லாவே தெரியுதே! மாவு வெட்டிக் கொடுக்கிற மாமனார் எந்தப் பொண்ணுக்குக் கிடைப்பாரு? ஜிப்பார், எடுங்க கம்மலை."

ஜிப்பார் கைப்பையைத் திறந்தாள். கனிஷாயின் காதில் கம்மல் ஏறியது. எல்லோரும் வாழ்த்தினார்கள். நானும் கை தட்டினேன். தலையை மட்டும் நிமிர்த்த முடியவில்லை. ஷார்ஷென் என் காதருகே வந்து, "அண்ணே, போர்சோக் மாவு எவ்வளவு பெரிசா வெட்டணும்?" என்றார். கிண்டலா, நிஜமாகவே கேட்கிறாரா என்று இன்னமும் தெரியவில்லை.

திரும்பும் வழியில் பாட்டுப் போடவில்லை. தோக்மோக் எல்லையைத் தாண்டியதும் கேட்டேன்.

"அவங்க ரேடியோ எப்படி சரியா எண்பத்தெட்டுல இருந்துது?"

"நான்தான் திருப்பச் சொன்னேன்."

"நான் அதைப் போடுவேன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"உங்களைத் தனியா விட்டா வேற என்ன பண்ணுவீங்க? பரீட்சைக்குப் போற பிள்ளை மாதிரி வாசல் வரைக்கும் படிப்பீங்க."

"அப்போ நான் பதிவு பண்ணினது...?"

"மாவு டப்பாவுக்குப் பின்னாடி சிவப்பு விளக்கு எரிஞ்சுதே, அது தெரியாதா?" என்றாள் ஜிப்பார். "என் குரல் சரியா விழாம போயிடுமோன்னு, நீங்க கை கழுவப் போனப்போ டப்பாவைக் கொஞ்சம் நகர்த்தி வெச்சேன்."