முதலாளியோடு ஒரே பெஞ்சு

கூடப் பிறந்தவர்களைக் கடவுள் கொடுக்கிறார். கூட வாழ்பவரைப் பெரியவர்கள் பார்த்துக் கொடுக்கிறார்கள். ‘கூடப் படித்தவர்’ என்று ஒருவர் இருக்கிறாரே, அவரை யாரும் கொடுப்பதில்லை. அவராகவே வருகிறார்.

எப்போது வருவார்? வேலை தேடி மதுரைத் தெருக்களில் நீங்கள் செருப்புத் தேய்த்த நாட்களில் அவரைப் பார்த்திருக்க மாட்டீர்கள். உங்கள் பெயரை ஒரு போர்டில் எழுதி மாட்டுங்கள்; பெயிண்ட் காய்வதற்குள் வந்து நிற்பார். கடைத்தெருவில் நாலு பேர் உங்களை ‘ஐயா’ என்று கூப்பிடும் சமயமாகப் பார்த்து, பின்னாலிருந்து முதுகில் ஓர் அறை விழும். திரும்பினால், உங்களுக்குப் பழக்கமில்லாத வழுக்கை ஒன்று, பழக்கமில்லாத தொப்பை ஒன்று, இரண்டுக்கும் நடுவில் எதையோ எதிர்பார்த்து விரிந்திருக்கும் சிரிப்பு ஒன்று.

“யாருன்னு தெரியுதாலே?”

பெயரைச் சொல்ல மாட்டார். சொன்னால் பரீட்சை எப்படி நடக்கும்? நீங்கள் அந்த முகத்தில் முப்பது வருஷத்துச் சதையை விலக்கிவிட்டு, உள்ளே எங்காவது ஒரு பையன் ஒளிந்திருக்கிறானா என்று தேடிக்கொண்டிருக்க, அவர் இடுப்பில் கை வைத்து, “இன்னும் கொஞ்சம் யோசி” என்று, தாம் அந்தக் காலத்தில் தோற்ற பரீட்சைகளுக்கெல்லாம் சேர்த்து உங்களைத் தோற்கடித்துக்கொண்டிருப்பார். தெரியவில்லை என்றால், “பெரிய மனுசன் ஆயிட்டே, இனி எங்களையெல்லாம் எங்க தெரியப்போவுது!” தெரிகிறது என்றாலோ, தொலைந்தீர்கள். வீட்டுக்கே வந்து, உங்கள் பிள்ளைகளைச் சுற்றிலும் உட்காரவைத்து, நீங்கள் கணக்கில் வாங்கிய மார்க்கையும் முழங்காலில் நின்ற காரணத்தையும் விளக்கிவிட்டு, இரண்டாம் தம்ளர் காப்பிக்குப் பிறகுதான் எழுந்திருப்பார்.

விருதுநகர் சங்கரபாண்டியன் இந்த இனத்தில் முதல் தரச் சரக்கு.

பஜாரில் ஒரு மல்லி, மிளகாய் வத்தல் மண்டியில் அவருக்குக் கணக்கு எழுதும் வேலை. நாள் முழுக்க வத்தல் நெடியில் தும்முவார். தும்மலுக்கும் தும்மலுக்கும் நடுவில் பழைய வகுப்புக்கு ஆஜர் எடுப்பார். தாசில்தார் பேச்சு வந்தால், “அவனா? எனக்குப் பின் பெஞ்சு.” ஆஸ்பத்திரி டாக்டர் பேச்சு வந்தால், “தவளையக் கண்டா ஓடுவான்.” சிவகாசியில் பட்டாசுக் கம்பெனி வைத்திருக்கும் காசிராஜன் பேச்சு வந்தால் மட்டும் பேனாவைக் கீழே வைத்துவிடுவார். “ஒரே பெஞ்சு. நான் இங்கன, அவன் அங்கன. இன்னைக்கும் என்னக் கண்டா ‘ஏலே’ன்னு ஓடி வந்து கட்டிப்பிடிப்பான்.”

ஒரே பெஞ்சு என்பது சத்தியம். ஓடி வந்தது? பள்ளிக்கூடத்தை விட்டபின் சங்கரபாண்டியன் காசிராஜனைப் பார்த்ததெல்லாம், மண்டிச் சுவரில் தொங்கும் காலண்டரில், மகாலட்சுமியின் தாமரைக்குக் கீழே அச்சடித்திருக்கும் பெயராகத்தான்.

இது மண்டிக்குள்ளேயே கிடந்தவரை யாருக்கும் நஷ்டமில்லை. மகள் சுப்புலட்சுமிக்கு மல்லாங்கிணற்றில் சம்பந்தம் பேசப் போன இடத்தில், வெற்றிலைத் தட்டுக்கு எதிரில் உட்கார்ந்து, மாப்பிள்ளையின் அப்பா சுந்தரபாண்டியிடமும் இதையே சொல்லிவைத்தார். சுந்தரபாண்டி மானாவாரி விவசாயி. வானம் கறுத்ததைப் பார்த்து மழை என்று நம்பிவிடுகிற மனிதர் இல்லை. கல்யாணத்துக்குக் காசிராஜன் வரவில்லை. வாழ்த்துத் தந்திகூட வரவில்லை. அதன்பின் எங்கே பார்த்தாலும் சுந்தரபாண்டி மீசைக்குள் சிரித்துக்கொண்டு கேட்பார்: “சம்பந்தி, உங்க முதலாளிக் கூட்டாளி சௌக்கியமா இருக்காகளா?”

ஆடிக்கு வந்த சுப்புலட்சுமி அடுப்படியில் அழுதாள். “அங்கன நான் எதச் சொன்னாலும், ‘இதுவும் உங்கப்பா பட்டாசு முதலாளி கத மாதிரிதானா’ன்னு கேக்காக அப்பா. கொளம்புக்கு உப்புப் போட்டுட்டேன்னு சொன்னாக்கூட நம்ப மாட்டேங்கிறாக.”

அன்றைக்குச் சங்கரபாண்டியன் மண்டியில் தும்மவே இல்லை. புரட்டாசி பிறந்ததும் மல்லாங்கிணற்றுக்கு ஆள் போயிற்று: தீபாவளிக்குப் பட்டாசு எடுக்கச் சிவகாசி போகலாம், வாருங்கள், அப்படியே காசிராஜனையும் ஒரு எட்டுப் பார்த்துவிடலாம்.

அறுபத்து மூன்றாம் வருஷம், சீசன் உச்சத்தில் இருந்த புரட்டாசி. சிவகாசிக்கு முந்தின திருத்தங்கலைப் பஸ் தாண்டும்வரை சங்கரபாண்டியன் பேசிக்கொண்டே வந்தார். கம்பெனி வாசலில் வாட்ச்மேன் ஊர்க்காவலன், வந்த இருவரின் மடியையும் தட்டிப் பார்த்து, சுந்தரபாண்டியின் தீப்பெட்டியையும் பீடிக்கட்டையும் வாங்கி வைத்துக்கொண்டு, யாரைப் பார்க்கவேண்டும் என்றார்.

“முதலாளியத்தான். கூடப் படிச்சவன்னு சொல்லுங்க.”

“கூடப் படிச்சவுகள்ல இன்னைக்கு நீங்க மூணாவது. போங்க உள்ள.”

உள்ளே வேலூர் ஏஜென்டும் திருச்சி ஏஜென்டும் லோடு எப்போது வரும் என்று மேஜையைச் சுற்றி நின்று மன்றாடிக்கொண்டிருந்தார்கள். காசிராஜன் தலையை நிமிர்த்தினார். சங்கரபாண்டியன் ஆயிரம் பேரிடம் கேட்டுப் பழகிய கேள்வியைக் கேட்க வாயைத் திறந்தார். ‘லே’ மட்டும் தொண்டையிலேயே தங்கிவிட்டது.

“யாருன்னு... தெரியுதா?”

காசிராஜன் பார்த்தார். ஏஜென்டுகள் பார்த்தார்கள். சுந்தரபாண்டி சங்கரபாண்டியனைப் பார்க்கவில்லை. முதலாளியின் கண்ணையே பார்த்துக்கொண்டு நின்றார். பரீட்சை வைத்தே பழகியவருக்கு, முடிவுக்காகக் காத்திருப்பது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

“ஏலே!” காசிராஜன் மேஜையில் ஓங்கி அறைந்தார். “நாலாவது பாரம்! தேவாசீர்வாதம் சார் கிளாஸ்! ஒரே பெஞ்சு!”

சங்கரபாண்டியனுக்கு மூச்சு வந்தது.

“நீ நம்ம கம்மாயில்லாலே!”

வந்த மூச்சு நின்றது.

கம்மாய் என்றால் ஏரி; இந்தக் கம்மாய் யார் என்று உங்களுக்குச் சொல்லவேண்டும். நாலாவது பாரத்துக்கு, அதாவது இன்றைய ஒன்பதாம் வகுப்புக்கு, ஒருநாள் ஸ்கூல் இன்ஸ்பெக்டர் வந்தார். தேவாசீர்வாதம் சார் ஒரு பையனை எழுப்பி, இங்கிலீஷ் பாட்டை ஒப்பிக்கச் சொன்னார். பையன் எழுந்தான், வாயைத் திறந்தான். வாயிலிருந்து ஒன்றும் வரவில்லை. வரவேண்டாத இடத்திலிருந்து வந்தது. டவுசர் நனைந்து, பெஞ்சுக்குக் கீழே ஓடி, இன்ஸ்பெக்டரின் பூட்சை நோக்கி அது நிதானமாக நடந்தபோது, பக்கத்திலிருந்த ஒருவன், “சார், கம்மா ஒடஞ்சிருச்சு!” என்று கத்தினான். பள்ளிக்கூடம் முடியும்வரை அந்தப் பையனுக்கு அதுதான் பெயர். கத்தியவன் சங்கரபாண்டியன். கம்மாய், காசிராஜன்.

ஆனால் இப்போது கதையைச் சொல்லிக்கொண்டிருந்தவர் காசிராஜன். பொய் சொல்கிற முகமா என்றால், இல்லை. முப்பது வருஷமாக ஆர்டரையும் லோடையும் லைசென்சையும் அடுக்கி அடுக்கி, இடம் போதாமல், வேண்டாத சாமானை யார் வீட்டிலோ இறக்கிவைத்துவிட்டார், இறக்கிவைத்ததும் மறந்துபோயிற்று. பாவம், மனதாரச் சிரித்தார்.

“மொதல்ல சூடாத்தான் இருக்கும் பாத்துக்கிடுங்க. அப்புறம் காத்துப் பட்டதும் தொட ரெண்டும் சில்லுன்னு ஆயிரும். வீட்டுக்குப் போற வரைக்கும் புத்தகத்த முன்னால பிடிச்சுக்கிட்டே போனான், பாவிப்பய!”

ஏஜென்டுகள் லோடு வேண்டியவர்கள். விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

சங்கரபாண்டியன் என்ன செய்வார்? ‘அது நானில்லை’ என்றால், பின்னே நீ யார் என்று கேள்வி வரும். ‘அது நீ’ என்றால், ஊர்க்காவலன் வந்து கையைப் பிடித்து வெளியே விடுவார். இரண்டில் எதைச் சொன்னாலும் மல்லாங்கிணற்றுக் குழம்பில் உப்பு ஏறாது. ஒரு பக்கம் மானம். இன்னொரு பக்கமும் மானம்தான்.

“ஆமாலே,” என்றார். “நான்தான்.”

காசிராஜன் எழுந்து, மேஜையைச் சுற்றிக்கொண்டு, நிஜமாகவே ஓடி வந்து கட்டிப்பிடித்தார். “இவன்லா யோக்கியன்! காலைலேருந்து வந்த ரெண்டு பயகளும், ‘நான் இல்ல, நான் இல்ல’ன்னு அடிச்சுச் சொல்லிட்டுப் போறானுக!”

காப்பி வந்தது. சம்பந்திக்கு மரியாதை நடந்தது. கைக்கு ஒரு பட்டாசுப் பெட்டி வந்தது. “கம்மா, அடிக்கடி வாலே,” என்று வாசல்வரை குரல் வந்தது.

திரும்புகிற பஸ்ஸில் சுந்தரபாண்டி பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, பற்றவைக்க முடியாத பீடியை விரலிடுக்கில் உருட்டிக்கொண்டே வந்தார்.

“சம்பந்தி, ஒண்ணு கேக்கட்டுமா?”

“கேளுங்க.”

“மொதல்ல சூடா இருக்கும், அப்புறம் சில்லுன்னு ஆகும்னு அவுகளுக்கு எப்படித் தெரியும்?”

சங்கரபாண்டியன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். மழைக்கு வாய் பிளந்து கிடந்த கரிசல் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது. அந்த நிமிஷத்தில் நாலாவது பாரத்தையே அவிழ்த்துக் கொட்டியிருக்கலாம். முப்பது வருஷமாக அதைத்தானே செய்துவந்தார்?

“பக்கத்துலதான இருந்தான்,” என்றார். “நான் சொல்லியிருப்பேன்.”

சுந்தரபாண்டி சிரிக்க ஆரம்பித்தார். முதலில் தோள் குலுங்கியது, அப்புறம் பெட்டி குலுங்கியது, கண்டக்டரே பயந்துபோய், “பெரியவரே, மடியில இருக்குறது வெடி!” என்று கத்தினார். கண்ணைத் துடைத்துக்கொண்டு சுந்தரபாண்டி சொன்னார்:

“இனிமே நீங்க எதச் சொன்னாலும் நம்புவேன் சம்பந்தி. இப்பச் சொன்னீகளே, இந்த ஒண்ணத் தவிர.”

அதற்கப்புறம் சுப்புலட்சுமி சொன்ன உப்பெல்லாம் உப்பாகவே ஒப்புக்கொள்ளப்பட்டது. சங்கரபாண்டியன்தான் கொஞ்சம் மாறிப்போனார். அடுத்த வருஷம் மண்டியில் தாமே அந்தக் கதையை எடுத்துவிட ஆரம்பித்தார், தம்மையே கம்மாயாக வைத்து. அதற்கும் அடுத்த வருஷம் கதையில் இன்ஸ்பெக்டரின் பூட்சும் நனைந்தது. இப்போதெல்லாம் அந்த இடம் வரும்போது அவர் கால் இரண்டும் தாமாகவே நெருங்கிக்கொள்கின்றன. நம்புகிறார் போலிருக்கிறது.

நீங்கள் சிரிப்பது தெரிகிறது. நல்லது. உங்களிடமும் ‘எங்க கிளாஸ்ல ஒருத்தன் இருந்தான்’ என்று தொடங்குகிற கதை ஒன்று இருக்குமே? பந்தியில், ரயிலில், ஆபீஸில், கேட்காதவர்களுக்கும் சொல்லிச் சிரிக்கவைக்கிற கதை? வீட்டில் யாரும் இல்லாத சமயமாகப் பார்த்து, ‘ஒருத்தன்’ என்கிற இடத்தில் ‘நான்’ என்று வைத்து அதை ஒருமுறை சொல்லிப் பாருங்கள். நாக்கு இடறினால் கவலையே இல்லை, போய்ச் சாப்பிடுங்கள். இடறாமல் போயிற்றென்றால், அந்த ‘ஒருத்தன்’ யார் என்று தெரிந்த உங்கள் கூடப் படித்தவர் ஒருவர் இந்நேரம் எங்கோ பஸ் ஏறிவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.